எலினார் ஆஸ்ட்ரமும் மேற்குப் படுகையும்: ஒரு தண்ணீர் ஆய்வேட்டின் கதை

போன வருடம் ஒரு பேராசிரியரைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு வயது 44. படித்தது பி.ஈ., இருபது வருடமாகச் செய்வது சாஃப்ட்வேர் வேலை. தண்ணீர், சுற்றுச்சூழல் பக்கம் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்ய முடியுமா என்று கேட்கப் போனேன். நல்ல மனிதர். காபி எல்லாம் வரவழைத்துக் கொடுத்தார். இரண்டே கேள்விதான் கேட்டார்.

"பி.ஈ.யில எவ்வளவு பர்சன்ட்?"

71 என்றேன். 2022இல் வந்த யுஜிசி விதிப்படி, நாலு வருட இளநிலைப் பட்டத்தோடு நேரே முனைவர் படிப்புக்கு வர 75 சதவீதம் வேண்டும்.

"ஹைட்ராலஜி ஏதாவது படிச்சிருக்கீங்களா?"

இல்லை.

"அப்ப முதல்ல ஒரு மாஸ்டர்ஸ் பண்ணுங்க சார். அப்புறம் பார்ப்போம்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

இந்த ஆசை எனக்கு வந்ததே 2019 கோடையில்தான். நாங்கள் இருப்பது திருவான்மியூர் பக்கம், 16 வீடுகள் உள்ள ஒரு அடுக்ககம். அந்த ஜூன் மாதம் எங்கள் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் 2,000க்கு மேல் காட்டியது. பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வண்டியை வரவழைத்து இன்னும் ஆழமாக போர் இறக்கினார்கள். எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து "நாமளும் அறுபது அடி இறக்கிடுவோம், இல்லன்னா அவங்களே இழுத்துடுவாங்க" என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இறக்கியும் உப்புதான் வந்தது, அது வேறு விஷயம்.

பேராசிரியரைப் பார்த்துவிட்டு வந்த அதே வாரத்தில் எலினார் ஆஸ்ட்ரமின் வாழ்க்கைக் குறிப்பைப் படித்தேன். 2009இல் பொருளாதார நோபல் வாங்கியவர், அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் என்பது வரை முன்பே தெரியும். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு எதைப் பற்றியது என்பது தெரியாது. கடலோரத்தில் ஆளாளுக்கு போர் போட்டு, தண்ணீரை இழுத்து, உப்பாக்கிக்கொண்ட ஒரு ஊர்க்கூட்டத்தைப் பற்றியது அது! நாலு மாதமாக அதையேதான் படித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பதிவு அந்தக் கதைதான்.

முக்கோணவியலும் சுருக்கெழுத்தும்

எலினார் 1933இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை, அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள். பெவர்லி ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பணக்காரப் பிள்ளைகளோடு படித்தார். கூடப் படித்தவர்கள் எல்லோரும் கல்லூரிக்குப் போனார்கள், அதைப் பார்த்து இவரும் போனார். நூலகத்திலும் கடைகளிலும் வேலை பார்த்துக்கொண்டே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் அரசியல் அறிவியல் படித்து 1954இல் பட்டம் வாங்கினார்.

வேலை தேடிப் போன இடத்திலெல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: டைப்பிங் தெரியுமா, ஷார்ட்ஹேண்ட் தெரியுமா? பெண் என்றால் ஒன்று டீச்சர், இல்லையென்றால் செக்ரட்டரி. சரி என்று தபால்வழியில் சுருக்கெழுத்து படித்தார். பிறகு ஏற்றுமதிப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்து, பணியாளர் பிரிவின் உதவி மேலாளர் வரை வந்தார். பிறகு ஊர் திரும்பி, படித்த பல்கலைக்கழகத்திலேயே பணியாளர் அலுவலகத்தில் வேலை.

அங்கே இருந்தபோதுதான் முனைவர் படிப்பு ஆசை. முதலில் பொருளாதாரத் துறையைக் கேட்டார். கணக்குப் போதாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியில் முக்கோணவியல் எடுக்க விரும்பியபோது, பெண் பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று எடுக்க விடவில்லை. அன்றைக்கு மூடின கதவு பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து இங்கே வந்து இடித்தது.

சரி என்று அரசியல் அறிவியல் துறைக்குப் போனார். அந்த வருடம் சேர்ந்த 40 பேரில் 4 பேர் பெண்கள். அதற்கு முன் நாற்பது வருடமாக அந்தத் துறை பெண்களைச் சேர்க்கவில்லை என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். இந்த நாலு பேரைச் சேர்த்ததற்கே ஆசிரியர் கூட்டத்தில் பெரிய சண்டை. முதல் கணவருக்கும் இவர் முனைவர் படிப்புக்குப் போவதில் சம்மதம் இல்லை. அந்தத் திருமணம் முறிந்தது.

துறையில் வின்சென்ட் ஆஸ்ட்ரம் என்ற பேராசிரியர் ஒரு கருத்தரங்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். (1963இல் இவரைத்தான் எலினார் மணந்தார்.) அந்த வகுப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் தென் கலிஃபோர்னியாவின் ஒரு நிலத்தடி நீர்ப் படுகையைப் பிரித்துக் கொடுத்தார்கள். போ, அங்கே மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுது. அவ்வளவுதான் வேலை. எலினாருக்குக் கிடைத்தது மேற்குப் படுகை.

கிணற்றுக்கு அடியில் இருந்த கடல்

மேற்குப் படுகை பசிபிக் கரையை ஒட்டியது. எல் செகுண்டோ, மன்ஹாட்டன் பீச், டாரன்ஸ், இங்கிள்வுட், ஹாவ்தோர்ன் என்று பல ஊர்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் ஒரு துண்டும் வேறு பதினோரு நகரங்களும் அதன் தலைமேல் உட்கார்ந்திருந்தன. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், தண்ணீர் கம்பெனிகள், நகராட்சிகள், விவசாயிகள் என்று ஏறக்குறைய 500 பேர் கிணறு வைத்து இறைத்தார்கள்.

கடலோரக் கிணறு ஏன் உப்பாகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இதை நான் புரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆனது. நல்ல தண்ணீரைவிட கடல்நீர் சுமார் இரண்டரை சதவீதம் கனம். அதனால் மண்ணுக்குள் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேலே மிதக்கிறது, கடலில் பனிப்பாறை மிதப்பது மாதிரி. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதை 19ஆம் நூற்றாண்டின் முடிவில் நெதர்லாந்தில் கைபனும், 1901இல் ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நாம் இறைத்து மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழே இருந்து உப்பு 40 அடி மேலே வர வழி விடுகிறோம். நிஜ மண்ணில் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது, களிமண் அடுக்குகள் குறுக்கே வரும். ஆனால் போக்கு இதுதான். நாங்கள் அறுபது அடி ஆழமாக இறக்கியது உப்பிலிருந்து தப்பிக்க அல்ல, உப்பைத் தேடிப் போக!

மேற்குப் படுகையில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. கரையோரக் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பாகி மூடப்பட்டன. உள்ளே தள்ளி இருந்தவர்களுக்கு இன்னும் நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் அவர்கள் கவலைப்படவில்லை.

நிறுத்துகிறவனுக்குத்தான் நஷ்டம்

இது பேராசையால் வந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சட்டத்தைப் படித்த பிறகுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

அன்றைய கலிஃபோர்னியாச் சட்டப்படி, நிலத்துக்காரனுக்கு நிலத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீரில் உரிமை உண்டு. எடுத்து வேறிடத்துக்குக் கொண்டுபோகும் நகராட்சிகளும் கம்பெனிகளும் மிச்சத்தைத்தான் எடுக்கலாம். ஆனால் மிச்சமே இல்லாதபோதும் ஒருவர் ஐந்து வருடம் தொடர்ந்து, எல்லோருக்கும் தெரியும்படி எடுத்துக்கொண்டிருந்தால், அதுவே அவருக்கு உரிமையாகிவிடும். எது மிச்சம், எப்போது தீர்ந்தது என்பது நீதிமன்றத்துக்குப் போனால்தான் தெரியும்.

இந்த நிலைமையில் நல்ல மனசோடு ஒருவர் பம்பை நிறுத்தினால் என்ன ஆகும்? அவர் விட்ட தண்ணீரைப் பக்கத்துக்காரர் எடுப்பார். நாளைக்கு வழக்கு வந்தால் "இவர் இவ்வளவுதான் எடுத்துக்கொண்டிருந்தார்" என்று பங்கும் குறையும். ஓடுகிற பம்புதான் அத்தாட்சி. ஆக எல்லோரும் ஓட்டினார்கள். எங்கள் சங்கக் கூட்டத்தில் அந்த மனிதர் சொன்ன வாக்கியத்தையே 500 பேர் சட்டப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்.

இதற்கு முதல் விடை பக்கத்தில் பசடேனா பக்கம் ரேமண்ட் படுகையில் கிடைத்தது. 1937இல் பசடேனா நகரம் மற்ற இறைப்பாளர்கள் மீது வழக்குப் போட்டது. நீதிமன்றம் மாநில நீர்வளப் பிரிவை உண்மை அறியும் நடுவராக நியமித்தது. அறிக்கை வந்ததும், வக்கீல் செலவு இன்னும் எவ்வளவு ஆகுமோ என்று பயந்து, எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். யார் மூத்த உரிமைக்காரர் என்ற சண்டையை விட்டுவிட்டு, ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு கம்பெனி மட்டும் ஒத்துக்கொள்ளாமல் மேல்முறையீடு போனது. 1949இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் பங்கீட்டை உறுதி செய்தது. எல்லோரும் எல்லோருடைய தண்ணீரையும் அத்துமீறி எடுத்திருக்கிறீர்கள், ஆகவே எல்லோருக்கும் எல்லோர் மேலும் உரிமை வந்துவிட்டது, எல்லோரும் சமமாகக் குறையுங்கள் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

பதினாறு வருட வழக்கு

மேற்குப் படுகையில் 1945 அக்டோபரில் வழக்கு தொடங்கியது. கலிஃபோர்னியா வாட்டர் சர்வீஸ் கம்பெனி உள்ளிட்ட சிலர் போட்டது. பிரதிவாதிகள் சுமார் 500 பேர். ரேமண்டில் முப்பது பேர் பேசி முடித்ததை இங்கே எப்படி முடிப்பது?

1946இல் மேற்குப் படுகை நீர்ச் சங்கம் என்று ஒரு தன்னார்வச் சங்கம் தொடங்கினார்கள். எதிரெதிராக வழக்காடுகிறவர்களே உறுப்பினர்கள். சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். 1947இல் மேற்குப் படுகை நகராட்சி நீர் மாவட்டம் உருவானது. அதன் வழியாக, பெருநகர நீர் மாவட்டம் கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீரை வாங்கலாம். இது முக்கியம். மாற்றுத் தண்ணீர் இல்லாமல் "பம்பை நிறுத்து" என்றால் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

1952இல் நடுவரின் வரைவு அறிக்கை வந்தது. வருடத்துக்கு ஏறக்குறைய 90,000 ஏக்கர்-அடி இறைக்கிறீர்கள், 30,000தான் பத்திரமான அளவு, மூன்றில் இரண்டு பங்கைக் குறையுங்கள் என்றது. ஒரு ஏக்கர்-அடி என்றால் சுமார் 12.3 லட்சம் லிட்டர், நம்ம ஊர் 12,000 லிட்டர் லாரியில் நூறு லாரிக்குக் கொஞ்சம் மேல். அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி பேச்சு. 1955இல் ஒரு இடைக்கால ஒப்பந்தம் வந்தது. அதில் ஒரு புத்திசாலித்தனமான நிபந்தனை: மொத்த உரிமையில் 80 சதவீதம் வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். முதலில் கையெழுத்துப் போடுகிறவன் ஏமாளி ஆகமாட்டான். ஹாவ்தோர்ன் நகராட்சி மட்டும் கடைசிவரை முரண்டு பிடித்தது.

1961இல் இறுதித் தீர்ப்பு. மொத்தம் சுமார் 64,000 ஏக்கர்-அடி, ஆளுக்கு இவ்வளவு என்று எழுதப்பட்டது. ஒத்துக்கொள்ளாதவர்கள் போன மேல்முறையீடும் 1964இல் தோற்றது.

64,000 என்பது பத்திரமான அளவான 30,000ஐப் போல் இரண்டு மடங்கு ஆயிற்றே, எப்படிச் சரிவரும்? இறைப்பைக் குறைத்தது பாதி வேலைதான். 1959இல் வாக்கெடுப்பு நடத்தி ஒரு மறுநிரப்பு மாவட்டத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். இறைக்கும் ஒவ்வொரு ஏக்கர்-அடிக்கும் வரி. அந்தப் பணத்தில் தண்ணீர் வாங்கி, மேற்குப் படுகைக்குத் தண்ணீர் வந்து சேரும் மத்தியப் படுகையின் மணல் பரப்புகளில் பாய்ச்சி மண்ணுக்குள் இறக்கினார்கள். கடற்கரை ஓரமாகத் தடுப்புக் கிணறுகளை வரிசையாகத் தோண்டி நல்ல தண்ணீரை உள்ளே அழுத்தினார்கள். அது மண்ணுக்குள் ஒரு மேடு மாதிரி நின்று கடலைத் தடுக்கும். 1950களின் தொடக்கத்தில் மன்ஹாட்டன் பீச்சில் சோதனை பார்த்தார்கள். இன்று அந்தத் தடுப்பு சுமார் 9 மைல் நீளம். உள்ளே செலுத்துவதில் பெரும்பங்கு சுத்திகரித்த கழிவுநீர்.

அவர் செய்தது என்ன?

இத்தனையும் நடந்துகொண்டிருந்த கடைசிக் கட்டத்தில்தான் எலினார் அங்கே போனார். சங்கக் கூட்டங்களில் பின்னால் உட்கார்ந்தார். பழைய கூட்டக் குறிப்புகளைப் படித்தார். நகராட்சிப் பொறியாளர்கள், கம்பெனி மேலாளர்கள், வக்கீல்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துப் பேட்டி எடுத்தார். செக்ரட்டரி வேலைக்கு என்று தபாலில் படித்த சுருக்கெழுத்து அங்கேதான் கைகொடுத்தது. 1965இல் ஆய்வேடு முடிந்தது.

அதில் பெரிய சமன்பாடு எதுவும் கிடையாது. யார் யாரோடு பேசினார்கள், எந்த அமைப்பை எதற்காக ஆரம்பித்தார்கள், எதைத் தங்களுக்குள்ளே முடித்துக்கொண்டார்கள், எதற்கு நீதிமன்றம், எதற்கு மாநில அரசு என்பதுதான் மொத்தமும். மேலிருந்து ஒரே அதிகாரி வந்து உத்தரவு போடவில்லை. தனியாருக்குப் பிரித்து விற்றுவிட்டு அரசாங்கம் விலகிக்கொள்ளவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அந்த 500 பேர் தங்களுக்குத் தாங்களே விதி செய்துகொண்டார்கள்.

மூன்று வருடம் கழித்து, 1968இல், கேரட் ஹார்டின் 'சயின்ஸ்' இதழில் பொதுவளங்களின் அவலம் பற்றிய அந்தப் பிரபலமான கட்டுரையை எழுதினார். பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு மாட்டை விடுவார்கள், நிலம் அழிந்தே தீரும் என்று. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பதில் சொல்லும் ஒரு ஆய்வேடு ஏற்கெனவே எழுதப்பட்டு நூலக அலமாரியில் இருந்தது. தான் பொதுவளப் பிரச்சினையைத்தான் ஆராய்ந்தோம் என்பது எலினாருக்கே அப்போது தெரியாது.

அந்தச் சமயத்தில் அவர் இண்டியானாப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். வேலை கொடுத்தது கணவருக்கு. இவருக்குச் செவ்வாய், வியாழன், சனி காலை 7:30 மணி வகுப்பு கொடுத்தார்கள். பிறகு பதினைந்து வருடம் தண்ணீர் பக்கமே வராமல் நகரக் காவல்துறைகளை ஆராய்ந்தார். 1980களில்தான் மறுபடி பொதுவளங்களுக்கு வந்தார். அவருடைய மாணவர் வில்லியம் ப்ளோம்க்விஸ்ட் அதே தென் கலிஃபோர்னியப் படுகைகளுக்குத் திரும்பப் போய், 1960களின் ஏற்பாடுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்தார். இருந்தன. 1990இல் வந்த எலினாரின் 'கவர்னிங் தி காமன்ஸ்' புத்தகத்தில் இந்தப் படுகைகளுக்கு ஒரு அத்தியாயம் உண்டு. அதே புத்தகத்தில், பக்கத்திலேயே மொஹாவே பாலைவனப் பகுதியில் இதே மாதிரி முயன்று தோற்றதையும் எழுதியிருக்கிறார். அங்கே எல்லையை ரொம்பப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள், யாருக்கும் யாரையும் தெரியாது.

என்னை உட்கார வைத்த ஒரு விஷயம் அந்த அத்தியாயத்தில் இருந்தது. தீர்ப்புக்குப் பிறகு ஒவ்வொரு கிணற்றுக்கும் மீட்டர். நீதிமன்றம் நியமித்த நீர்க் கண்காணிப்பாளர் வருடா வருடம் ஒரு அறிக்கை அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பினார். அதில் ஒவ்வொருவரும் எவ்வளவு இறைத்தார்கள் என்று பெயரோடு இருக்கும். ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி எவ்வளவு எடுத்தது என்பது சின்ன நர்சரிக்காரருக்கும் தெரியும். ஏமாற்றினவர்கள் ரொம்பக் குறைவு. போலீஸ் வந்ததால் இல்லை, எண் எல்லோர் மேஜையிலும் இருந்ததால்.

எங்கள் தொழிலில் இதை 'லாக்' என்போம். ஒரு சர்வரைப் பலர் பங்கு போட்டுக்கொள்ளும்போது, யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு திரையை மாட்டிவிட்டாலே பாதிச் சண்டை தீரும். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன். தண்ணீருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்கில் வராதவை

இதை ஒரு சுபமான கதையாக முடித்துவிட எனக்கு மனசில்லை. மேற்குப் படுகை தப்பித்தது, ஆனால் கொலராடோ ஆற்றைக் குடித்துத் தப்பித்தது. அந்த ஆறு இன்று பல மாநிலங்கள் இழுத்த இழுப்பில் கடலைப் போய்ச் சேருவதே அபூர்வம். ஒரு பொதுவளத்தை ஒழுங்காகப் பங்கிட்டவர்கள், அதற்கான மாற்றை இன்னொரு பொதுவளத்திலிருந்து எடுத்தார்கள். உரிமையை விற்கவும் வாடகைக்கு விடவும் வழி வந்தபின் சின்ன இறைப்பாளர்கள் பெரியவர்களிடம் கொடுத்துவிட்டு விலகினார்கள். 500 பேர் வெகுவாகக் குறைந்தார்கள். கடலோரம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட உப்பும் முழுக்கப் போகவில்லை.

நம்ம ஊருக்கு வருவோம். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், நிலத்துக்காரனுக்குத் தன் நிலத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீரை எடுக்கும் உரிமையைச் சொல்கிறது. சென்னைக்கு வடக்கே 1960களின் கடைசியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நகரத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் கிணற்று வயல்கள் அமைத்தார்கள். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 1987இல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2003இல் மாநிலம் முழுவதற்கும் ஒரு சட்டம் போட்டு, நடைமுறைக்கு வராமலே 2013இல் திரும்பப் பெற்றார்கள். சட்டம் இல்லாமல் இல்லை. என் கிணற்றின் எண் பக்கத்துக்காரருக்குத் தெரியாது, அவருடையது எனக்குத் தெரியாது. எலினார் உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டம் மாதிரி ஒன்று எங்கள் தெருவில் இல்லை.

கலிஃபோர்னியாவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பதும் தெரியும். அங்கே 500 பேர். எங்கள் தெருவிலேயே கணக்கில்லாத போர்கள் இருக்கும். பதினாறு வருடம் வழக்கு நடத்த அவர்களிடம் காசு இருந்தது.

நான் என்ன முடிவு செய்தேன் என்று சொல்லவில்லையே. ரெண்டு வருட முதுநிலைப் படிப்பு ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். வாரக் கடைசி வகுப்புகள். முடித்து, முனைவர் படிப்பில் சேர்ந்து, அதை முடிக்கும்போது ஐம்பதைத் தாண்டிவிடுவேன். வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டது, "முடிச்சா சம்பளம் ஏறுமா?" ஏறாது என்றேன். "அப்ப உண்மையாவே ஆசைதான் போல" என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டாள்.

நடுவில், சங்கத்தில் பேசி எங்கள் போருக்கு ஒரு மீட்டர் மாட்டிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணையும் டிடிஎஸ்ஸையும் நோட்டில் எழுதி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுகிறேன். பதினோரு வாரம் ஆகிறது. மூன்றாவது வாரம் ஒரு வீட்டுக்காரர் வந்து, தொட்டி நிரம்பி வழிந்தது மோட்டாரை அணைக்க மறந்ததால்தான் என்று தானாகவே சொன்னார். நான் கேட்கவே இல்லை.

பக்கத்துக் கட்டடத்துக்கும் போனேன், 2019இல் ராத்திரியில் போர் இறக்கினார்களே, அவர்களிடம்தான். நீங்களும் மீட்டர் மாட்டினால் ரெண்டு எண்ணையும் சேர்த்து ஒட்டலாம் என்றேன். செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு சார்? கார்ப்பரேஷன்ல இருந்து வந்திருக்கீங்களா?"

இல்லை சார், பக்கத்து வீடு என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த ஞாயிறு மறுபடி போக வேண்டும்.